ஆச்சு, இப்பத்தான்

எங்கள் வீட்டில் அம்மாவின் மனநிலையைத் தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு எந்தச் சொல்லால் கூப்பிடுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். "சாப்ட வாங்க" என்றால் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள். "துன்ன வாங்க" என்றால் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. "வந்து கொட்டிக்குங்க" என்றால் அப்பா ஏதோ செய்துவிட்டார். "முழுங்கிட்டுப் போ" என்றால் நான் ஏதோ செய்துவிட்டேன். நாலுக்கும் அதே சோறுதான், அதே நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான். ஆனால் கொட்டிக்கொள்ளச் சொன்ன நாளில் அதே குழம்பில் உப்பு ஒரு கல் கூடியிருக்கும்.

இதையெல்லாம் நான் கவனிக்கத் தொடங்கியது 2008இல். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் சிதம்பரம் போய் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் வருடம். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று பேருந்தில்தான் போக வேண்டும். எங்கள் ஆங்கில மேடம் 'ஈட்' என்ற ஒரே ஒரு சொல்லைப் பலகையில் எழுதி, அதே பொருள் தரும் முப்பது சொற்களைத் தேடி, ஒவ்வொன்றையும் அன்றாட வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துவோம் என்று வாக்கியமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

முப்பது சொல் என்றதும் வகுப்பில் எல்லோரும் முனகினார்கள். எனக்கு உற்சாகமாக இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்திலேயே சொற்களைப் பிடித்துவிட்டேன். எனக்கு முன் இருக்கையில் வேர்க்கடலையைத் தோலோடு மென்றவர் 'மன்ச்'. முட்லூரில் ஏறி, சிதம்பரம் வருவதற்குள் மூன்று சமோசாவை முடித்த கல்லூரிப் பையன் 'காபிள்'. ஒரே முறுக்கைப் புவனகிரி முக்கூட்டிலிருந்து கடைசி நிறுத்தம் வரை கொறித்துக்கொண்டிருந்த டீச்சர் 'நிபிள்'. இப்படி இருபத்தெட்டு வரை வந்துவிட்டேன். இரண்டுதான் பாக்கி இருந்தது.

மேடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நம் ஆட்கள் ஆங்கிலம் பேசும்போது பார்த்தவுடன் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிடுகிறார்கள், அப்படிக் கேட்காதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் நம்மைச் சாப்பிட அழைக்கப்போகிறார்கள் என்று எதிர்பார்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் ஒருவர் அந்தக் கேள்வியாலேயே பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்பா தபால்காரர். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களெல்லாம் அவர் தபால் கொடுக்கும் பீட். பத்தரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தால் வீடு திரும்ப மூன்று மணியாகும். நடுப்பகலில் ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன கேட்பார்கள்? "சாப்ட்டீங்களா சார்?" பள்ளிவாசல் தெருவில் "பசியாறிட்டீங்களா?" மீனவர் குடியிருப்பில் "இன்னா, சோறு துன்னாச்சா?" சர்ச் தெரு டீச்சரம்மா மட்டும் "லஞ்ச் முடிஞ்சுதா?" என்பார். எல்லாக் கேள்விக்கும் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஆச்சும்மா, இப்பத்தான். நீங்க?"

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து ஆறிப்போன சோற்றில் கையை வைக்கும் மனிதர், ஒரு நாளைக்கு ஐம்பது வாசலில் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் கேட்க வேண்டும், இவர் ஆச்சு என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் தபால் கைமாறும். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்விக்கு ஆச்சு என்றுதான் சொல்வோம். மூன்றாவது தடவை வற்புறுத்தினால்தான் கை நனைப்போம். அப்பா மட்டும் மூன்றாவது தடவைக்கும் அசைய மாட்டார். முப்பது வருடத்தில் அவருடைய நாக்குக்கு அது மூச்சு விடுவதைப்போல ஆகிவிட்டிருந்தது.

அந்த வருடம் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. வந்தது என்று நாங்கள்தான் சொல்கிறோம். அது வந்து ஒரு வருடமாகியிருந்தது, அவர் வாயே திறக்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கும்போதெல்லாம் அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொள்வதை அம்மாதான் கண்டுபிடித்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அன்றைக்கு அம்மா வீட்டில் யாரையுமே சாப்பிடக் கூப்பிடவில்லை. தட்டைத் தரையில் வைத்த சத்தம்தான் கேட்டது.

சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எப்படிங்க இத வச்சிக்கிட்டு சைக்கிள் மிதிச்சீங்க? குடல் வெளிய வந்து சிக்கிக்கிச்சுன்னா அழுகிடும். உயிருக்கே ஆபத்து. இனிமே நாள் கடத்தாதீங்க" என்றார். அந்த டாக்டர் குழுவுக்கு வாரத்தில் செவ்வாய்க்கிழமைதான் அறுவைச் சிகிச்சை நாள். அடுத்த செவ்வாய்க்கு அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வார்டில் சேர்த்தோம். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். ஊரும் தெரியும், இங்கிலீஷும் தெரியும் என்று என்னை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லி அம்மா பஸ் ஏறினாள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்பா எதுவும் சாப்பிடக் கூடாது, காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். அவரும் ஒழுங்காகத்தான் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் நீட்டிய பன்னைக்கூட "ஆச்சுங்க" என்று சொல்லித்தான் மறுத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலையில் முகம் கழுவப் போய்விட்டு வந்தால், நர்ஸ் ஒருவர் கையில் ஃபைலோடு அப்பாவின் கட்டிலருகே நின்று எதையோ அடித்து எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

நடந்தது இதுதான். நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அப்பாவிடம் வந்து, "ஐயா, சாப்ட்டீங்களா?" என்றிருக்கிறார். இவர் கட்டிலை விட்டு எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, "ஆச்சும்மா, இப்பத்தான். நீங்க?" என்றிருக்கிறார்.

சொன்ன மறுநொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. "இல்ல சிஸ்டர், சாப்புடல. சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னீங்களா? இப்ப நான் எத நம்புறது?"

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். நான் சத்தியம் செய்தேன். நேற்று ராத்திரியிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் இறக்கினேன். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "நீ பாத்ரூம் போயிருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுல்லம்மா. சாப்ட்ட வயிறா இருந்தா, வாந்தி வந்து நெஞ்சுல ஏறிடும். அந்த ரிஸ்க்க நான் எடுக்க முடியாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. அப்பாவின் பெயர் அடுத்த செவ்வாய்க்குப் போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. எனக்குப் பொதுவாகவே வாய் நீளம், அம்மாவிடமிருந்து வந்தது. வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "ஒரே ஒரு தடவ உண்மையச் சொன்னா வாய் வெந்துடுமா? சாவணும்னா வீட்லயே கெடந்திருக்கலாமில்ல? எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். அப்பா ஏற்கெனவே மடித்திருந்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்துப் பையில் வைத்தார். சொன்ன சொல்லை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கும் அந்தத் துண்டு மடிக்கும் கை கண்ணில் நிற்கிறது.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு எண்ணில் போன் செய்து கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கீழவீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வந்தது. அப்பா ஆறு இட்லி சாப்பிட்டார். அவர் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. என் பட்டியலில் வாரி விழுங்குவதற்கான 'டிவவர்' என்ற சொல்லுக்குப் பசித்த புலியை எழுதியிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்தவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு வீட்டுல கேட்டாங்க பாப்பா. நல்ல பசி. இல்லம்மா, இன்னும் சாப்புடலன்னு சொல்லிட்டேன். உள்ள கூப்ட்டு ஒக்கார வச்சி சோறு போட்டாங்க. நான் துன்னுக்கிட்டு இருக்கச்சொல்ல, உள்ள சட்டிய சொரண்டுற சத்தம் கேட்டுச்சு. அது அந்தம்மாவோட சோறு. எழுந்துக்கவும் முடியல, முழுங்கவும் முடியல. அதுலேருந்து எவங்க கேட்டாலும் ஆச்சுன்னுடுவேன். யோசிக்கவே மாட்டேன். இன்னிக்கும் யோசிக்கல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அதற்குச் சொல் இல்லை. காபி வேண்டுமா என்று கேட்டேன். "இப்பத்தான் குடிச்சேன்" என்றார். எங்கள் மேசைக்குக் காபியே வந்திருக்கவில்லை.

அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் நர்ஸ். அப்பா நோயாளி. "ஐயா, சாப்ட்டீங்களா?" என்று திடீர் திடீரென்று கேட்பேன். குளித்துவிட்டு வரும்போது, பேப்பர் படிக்கும்போது, செருப்பு மாட்டும்போது. பத்தில் ஒன்பது தடவை "ஆச்சு" என்று வந்து விழுந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொள்வார். அம்மா சமையற்கட்டிலிருந்து "இந்த மனுசன வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மச்சான், சாப்ட்டீங்களா?" என்று விளையாட்டுக்குக் கேட்பார். அவருக்கும் ஆச்சுதான். தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு சிரிப்பு நின்றுபோனது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே குனிந்துவிட்டார். வீக்கம் கல்லைப்போல இறுகியிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தோம். அரை மணி நேரத்தில் உள்ளே போகாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அம்மா ஆட்டோ கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, வாய்க்குள் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் அவர் காலடியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவணும்னா வீட்லயே கெடந்திருக்கலாமில்ல என்று நான் சொன்னது அந்தக் கடிகார முள்ளோடு சேர்ந்து சுற்றியது. அவ்வளவு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. இருபது நிமிடம் கழித்து வீக்கம் இளகி உள்ளே போனது. ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. திருப்பி அனுப்பினோம்.

அம்மா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ரசஞ்சோறு கரைச்சு ஒரு வாய் குடுக்கட்டா? பசிக்குதா?" என்றாள்.

"வேணாம். வயிறு நிறைஞ்சிருக்கு" என்றார் அப்பா. மத்தியானத்திலிருந்து அவர் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுபடியும் திங்கட்கிழமை வந்தது. அதே வார்டு, வேறு கட்டில். செவ்வாய்க்கிழமை காலையில் நான் முகம் கழுவக்கூடப் போகவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து எனக்கும் எதுவும் உள்ளே இறங்கவில்லை. அதே நர்ஸ்தான் வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபைலை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து ராத்திரி எட்டு மணிக்கப்புறம் வாயில என்னென்ன போட்டீங்க? தண்ணி, வெத்தல, மாத்திர, எதுவா இருந்தாலும் சொல்லணும்."

அப்பா வாயைத் திறந்தார். ஆ என்ற எழுத்துக்கு உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். கட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தேன். அவர் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மறுபடியும் திறந்தார்.

"ஒண்ணும் போடல சிஸ்டர். சாப்புடல."

அந்தச் சட்டி சுரண்டிய வீட்டுக்கப்புறம் வெளியாள் ஒருவரிடம் எடுத்த எடுப்பில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ஏதோ கடனைக் கேட்டவரைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் எழுதிக்கொண்டார். நான் கட்டில் கம்பியை விட்டேன்.

எட்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். பச்சைத் துணியைப் போர்த்தி அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஒரு பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன், நர்ஸ் மறுபக்கம் நடந்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, மூஞ்சி இப்புடி வாடிப்போயிருக்கு? நீ சாப்ட்டியா?"

"ஆச்சு சிஸ்டர், இப்பத்தான்" என்றேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் முனகுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் அடிவயிறு இழுக்கும், அதனால் ஒரு கையால் வீக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணோரத்தில் தண்ணீர்.

"பொய் சொல்லுது சிஸ்டர். நேத்துலேருந்து அது ஒண்ணுமே துன்னல. நீங்க அதப் புடிச்சு சாப்புட அனுப்பி வையுங்க. அப்பத்தான் நான் உள்ள போவேன்."

கதவு திறந்தது. தலைமாட்டில் நின்ற ஊழியர் தள்ளப் பார்த்தார். நர்ஸ் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "போம்மா, கேன்டீனுக்குப் போ. அவுரு பாத்துக்கிட்டு இருக்காரு பாரு" என்றார். நான் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாடிப்படித் திருப்பத்துக்கு வந்த பிறகுதான் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

கேன்டீனில் நாலு இட்லி வாங்கினேன். முதல் இரண்டையும் அழுதுகொண்டே விழுங்கினேன். பையில் கல்லூரி நோட்டு இருந்தது. இருபத்தெட்டு சொல்லோடு நின்றுபோன பட்டியல். மீதி இரண்டு சொல்லையும் நான் தேடவே இல்லை. பிறகு அதை அப்படியே மேடத்திடம் கொடுத்து இரண்டு மதிப்பெண்ணை இழந்தேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தியேட்டர் வாசலுக்குத் திரும்பி வந்தபோது அம்மா காலை பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "துன்னியாடி?" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பத்து மணிக்கு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள் என்பதால் முழுசாக விழித்திருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கண்ணால் கூப்பிட்டார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா. நாலு இட்லி."

அவர் நம்பவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் வலது கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

"கொத்சா?"

"ஆமாம்பா."

கையை விடவே இல்லை. இன்னொரு தடவை மோந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு எப்ப குடுப்பாங்க பாப்பா?" என்றார். "ரொம்பப் பசிக்குது."